ஆறு மணிப் பெரட்டு

அக்கா,

கையில் பெயிண்ட் கரைக்கிற தின்னர் வாசம் இன்னும் போகவில்லை. மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், எலுமிச்சையைப் பிழிந்து தேய்த்தேன். சாப்பிட உட்கார்ந்தால் சோற்று வாசத்துக்கு முன்னால் அதுதான் மூக்கில் ஏறுகிறது. இன்று காலையில் கதவைத் திறந்தால் என் கேட் முழுக்கச் சிவப்புச் சாயம். கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரை, செருப்பு வைக்கிற பலகை, ஒன்றையும் விடவில்லை. போன வாரம்தான் பூ விட்ட ரோஜாத் தொட்டியில் மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான், கட்டையில போறவன்.

நம் ஊரில் வாசலில் சிவப்புச் சாயம் என்றால் வட்டிக்காரன் வந்துபோனான் என்று அர்த்தம். நாம் பயப்பட வேண்டும் என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கணக்கு. உங்கள் வாசலில் ஊற்றியபோது நீங்கள் அதைத் துடைக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டீர்கள். "நான் யாருகிட்டயும் கடன் வாங்கல. பின்னால பிளாஸ்டிக் எரிக்கிறான் பாரு, அவன் ஊத்துனது. நல்லா பாத்துட்டுப் போ." ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு தடவை கேட்டுக்கொண்டு போனார். எனக்கு அந்த அளவுக்குத் துணிச்சல் இல்லை. தின்னர் டின்னை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். பாதி கேட் தேய்த்த பிறகுதான் எனக்குக் கோபமே வந்தது.

நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கோலா சுங்கை பாருவில் ஒரு மீன்பிடிப் படகைப் பேசி உங்கள் அஸ்தியைக் கரைத்தோம். இந்த இடம் போதும் என்று படகுக்காரர் சொன்னதும் உங்கள் மகன் தலையாட்டினான். நான்தான் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னேன். கரையோரமாக நிற்கிற ஆளா நீங்கள்?

அந்தப் பிளாஸ்டிக் எரிக்கிற கொட்டகை மறுபடியும் திறந்துவிட்டது, அக்கா. பெயர்ப் பலகை வேறு, தகர வேலியின் நிறம் வேறு, குழி அதே குழி, புகை அதே புகை. இந்தத் தடவை புகார் என் பெயரில் இருக்கிறது. வியாழக்கிழமை சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நான் கூடவே உள்ளே போய், எந்த இடத்தில் எரிக்கிறார்கள் என்று கைகாட்டி, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டும். நான் பின்வாங்கினால் புகாரும் போச்சு. அதற்குத்தான் இந்தச் சாயம்.

நாம் இருவரும் அலோர் காஜா பக்கம் ஒரே தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். நீங்கள் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அடுத்த லயத்துக்கு வாழ வந்தவர். வந்த மறு மாதமே குழாயடியில் என்னோடு சண்டை போட்டீர்கள். மறுநாள் உங்கள் வீட்டு மீன் குழம்பு என் வீட்டுக்கு வந்தது. பிறகு தோட்டம் கைமாறியது, நம்மைக் குருபோங் பக்கம் மலிவு விலை வீடுகளுக்கு அனுப்பினார்கள். வரிசை வீடு, பின்னால் செம்பனைக் காடு, அதற்கும் பின்னால் அந்தத் தகரக் கொட்டகை. எந்தெந்த நாட்டுப் பிளாஸ்டிக் குப்பையோ லோரி லோரியாக அங்கே வந்து இறங்கும். விலைபோகிறதைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விடியற்காலையில் குழியில் போட்டு எரிப்பார்கள். காயப்போட்ட துணியெல்லாம் கறுப்புத் தூள். என் மகள் ஷாமினி அப்போது ஐந்தாம் படிவம், பள்ளியில் கடைசி வருஷம். பரீட்சைக்குப் படிக்கப் புத்தகத்தைத் திறந்தால் இருமல்தான் வரும், படிப்பு வராது.

எல்லாரும் ஜன்னலைச் சாத்தினோம். நீங்கள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் லோரிகளைப் படம் எடுத்தீர்கள். புகார் எழுதி வீடு வீடாக எடுத்துப்போனீர்கள். உங்களோடு சேர்த்து ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம்.

முதலில் போன் வந்தது. பிறகு உங்கள் படத்தைப் போட்டு, இந்தப் பொம்பளை வேறொரு கம்பெனிக்காரன் காசில் ஆடுகிறாள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். பொய் பரப்புகிறீர்கள் என்று போலீஸ் பாலாயில் உங்கள் மேலேயே ரிப்போர்ட் போட்டார்கள். போலீஸ் கூப்பிட்டபோதெல்லாம் மற்ற ஆறு பேரும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு போய் வெளியே உட்கார்ந்தோம். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இந்த வருஷம் திருவிழாவில் அன்னதானப் பொறுப்பு உங்களுக்கு வேண்டாம், கோயில் பெயர் கெட்டுப்போகும் என்று நயமாகச் சொன்னார். மிரட்டியவனைவிட அவர்மேல்தான் உங்களுக்குக் கோபம். "புகை கோயிலுக்குள்ளயும்தானே வருது? சாமி என்ன மூக்கப் பொத்திக்கிட்டா நிக்குது?" என்று கேட்டு அனுப்பினீர்கள். திருவிழா அன்று கூப்பிடாமலே போய்க் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தீர்கள். கடைசிக் கத்தரிக்காய் தீர்கிறவரை எழுந்திருக்கவில்லை.

பெரட்டு உங்கள் யோசனை. தோட்டத்தில் விடியுமுன் நம்மையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கணக்கெழுதுகிற கிராணி பேர் வாசிப்பாரே, அதை நீங்கள் கைப்பேசிக்குக் கொண்டுவந்தீர்கள். காலை ஆறு மணிக்கு ஒருவர் ஏழு பேரின் பெயரையும் வாசித்துக் குரல் பதிவு அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒருவர் முறை. அவரவர் தன் வாயால் 'இருக்கேன்' என்று பதில் அனுப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு பேருக்குப் பதில் வராவிட்டால் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போவார்கள், இரண்டு பேர் செம்பனைச் சாலையைச் சுற்றி வருவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம், அவனோடு போகட்டும் என்றேன். "அன்னிக்கு அவனுக்காக நம்மள எண்ணுனாங்க. இனிமே நமக்காக நாம எண்ணிக்குவோம்லா" என்றீர்கள்.

மூலை வீட்டுப் பாக் மாட், முன்பு லோரி ஓட்டியவர், புகாரில் கையெழுத்துப் போட்ட ஒரே மலாய்க்காரர். பெரட்டு என்றால் என்னவென்று அவருக்கு விளக்க உங்களுக்கு இரண்டு கோப்பி செலவானது. மறுநாளிலிருந்து அவர் குரல்தான் எல்லாருக்கும் முன்னால் வரும். 'அடா' என்பார், மலாயில் இருக்கிறேன் என்று. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல். தினமும் அதைக் கேட்டு நீங்கள் சிரித்திருக்கிறீர்கள்.

இனி எழுதப்போவதை நான் யாருக்கும் எழுதியதில்லை.

தோட்டத்துப் பெரட்டில் நம் ஆட்களுக்கு மட்டும் தெரிந்த பழக்கம் ஒன்று உண்டு. யாராவது வரச் சுணங்கினால் பக்கத்தில் நிற்பவர் குரலை மாற்றி 'இருக்கேன்' என்று சொல்லிவிடுவார். இருட்டில் கிராணிக்கு முகம் தெரியாது. உங்கள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது எத்தனை நாள் உங்கள் பேருக்கு நான் குரல் கொடுத்திருப்பேன். உங்களுடைய அந்தக் கட்டைத் தொண்டை எனக்கு அப்படியே வரும். நீங்கள் பிறகு பின்பக்கமாக வந்து வரிசையில் சேர்ந்துகொண்டு என் இடுப்பில் கிள்ளுவீர்கள். அதைப் பொய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நாம் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டது அப்படித்தான்.

அந்த வாரம் பேர் வாசிப்பது என் முறை. ஆறேகால் ஆகியும் உங்கள் பதில் இல்லை. முந்தின நாள் முழுக்கப் பல்வலி என்று கன்னத்தில் கிராம்பை அடக்கிக்கொண்டிருந்தீர்கள். தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது, ஷாமினிக்குப் பள்ளி பஸ் வருகிற நேரம். நான் யோசிக்கவே இல்லை, அக்கா. 'அக்கா இருக்காங்க, பல்வலி, தூங்குறாங்க' என்று அனுப்பிவிட்டுத் தோசையைத் திருப்பப் போனேன். மோட்டார் சாவியைக் கையில் எடுத்திருந்த பாக் மாட் அதைத் திரும்ப ஆணியில் மாட்டினாராம். மற்றவர்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

நீங்கள் அப்போது செம்பனைச் சாலையோரம் வாய்க்காலில் கிடந்தீர்கள். யாரிடமும் சொல்லாமல் ஐந்தரைக்கே போய் லோரிகள் உள்ளே நுழைவதைப் படம் எடுத்திருக்கிறீர்கள். திரும்பும்போது பின்னால் வந்த வண்டி உங்கள் மோட்டாரை இடித்துத் தள்ளியது. அதிலிருந்து இறங்கியவன் உங்கள் கைப்பேசியைத் தேடி எடுத்து, காலால் மிதித்து உடைத்துவிட்டு, ஓடக்கூட இல்லை, நடந்துபோய் வண்டியில் ஏறினானாம். உங்களுக்குக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எட்டரைக்குச் செம்பனைப் பழம் வெட்ட வந்த இந்தோனேசியத் தொழிலாளி ஒருவர் முனகலைக் கேட்டு இறங்கிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆறரைக்கு ஆட்கள் கிளம்பியிருப்பார்கள், பத்தே நிமிஷத்தில் உங்களைக் கண்டுபிடித்திருப்பார்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் அந்தச் சகதியில் கிடந்தது என்னால்.

பெரிய ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே நின்று இதைச் சொன்னேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். இரண்டு நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கொண்டுபோன கஞ்சியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்தீர்கள். மூன்றாம் நாள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"தோட்டத்துல நீ எனக்காகச் சொன்னது கிராணிய ஏமாத்த. இப்ப சொன்னது யார ஏமாத்துச்சு, புஷ்பா?"

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நீங்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் தனியாகப் போகலாமா, சட்டம் போட்டதே நீங்கள்தானே என்று கத்தினேன். தாதி திரும்பிப் பார்த்தாள். "ஆமாடி, நானும் மாடுதான்" என்று சிரித்தீர்கள். சிரித்ததில் கால் வலித்து முனகினீர்கள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள்: "அதுக்காக நீ செஞ்சது சரியாயிடாது. ஒரு ஆளு இருக்கா இல்லையான்னு அந்த ஆளுதான் சொல்லணும். பாசத்துலகூட அடுத்தவங்க சொல்லக் கூடாது."

உங்களை இடித்தவன் இன்றுவரை அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், எனக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது. ஆனால் அவன் நினைத்தது நடக்கவில்லை. ஆறு மாதம் கழித்து நீங்கள் தடியை ஊன்றிக்கொண்டு வாக்குமூலம் கொடுக்கப் போனபோது கூட வந்தது நாங்கள் ஆறு பேர் மட்டும் இல்லை. தாமானில், நம் குடியிருப்பில், பாதி வந்தது. கோயில் கமிட்டிக்காரரும் வந்து கடைசி ஆளாக நின்றார், நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமலே முன்வரிசைக்கு வரச் சொன்னீர்கள். கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். அன்று சாயங்காலம் நம் வரிசையில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்திருந்தது.

உங்களைக் கொண்டுபோனது அவர்கள் இல்லை, சர்க்கரைதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு திமிர். நீங்கள் போன மறுநாளும் நான் ஆறு மணிக்கு உங்கள் பேரை வாசித்தேன். அதற்கு மறுநாளும் வாசித்தேன். மூன்றாம் நாள் பாக் மாட் கேட்டருகே வந்து நின்று, பேச வந்ததைப் பேசாமல் ஒரு சீப்பு வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். நாலாம் நாள் உங்கள் பேரை எடுத்துவிட்டேன். 'செத்தவளுக்கு என்னடி பெரட்டு' என்று நீங்கள் திட்டியிருப்பீர்கள்.

இனி இந்த வாரத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு போன். மரியாதையான குரல், நல்ல தமிழ். "அம்மா, பாப்பா ஆயர் குரோல தனியாத்தான் ரூம் எடுத்து இருக்குதுபோல. வெள்ளக் காரு. வேல முடிய ஏழு ஆயிடுது, பாவம். ரோடெல்லாம் மோசம்மா, சொல்லி வைங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டான். ஷாமினி இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

என்னை அடிக்கட்டும், வாங்கிக்கொள்வேன். உங்கள் காலைப் பார்த்தவள் நான், அதே இடத்தில் என் பிள்ளையை வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எனக்குத் தெரிந்த மலாயில் ஒரு கடிதம் எழுதினேன், புகாரை மீட்டுக்கொள்கிறேன் என்று. செவ்வாய்க்கிழமை, அதாவது இன்று, கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தேன். ஷாமினியிடம் மூச்சு விடவில்லை. நம் ஏழு பேரில் மிச்சம் இருப்பவர்களிடமும், புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் சொல்லவில்லை. காலையில் பேருக்கு மட்டும் 'இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் மடங்கிவிட்டது தெரியாமல் அந்த மடையன் கூடுதலாக ஒரு டின் சாயத்தையும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

பாதி கேட் தேய்த்தபோதுதான் உறைத்தது, அக்கா. நான் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். என் மகளுக்காகப் பயந்து, அவளைக் கேட்காமலே, அவள் பேருக்கு நான் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள்மேல் ஒருவன் கண் வைத்திருக்கிறான், அது அவளுக்கே தெரியாது. வாய்க்காலில் கிடந்த உங்களைத் தூங்குகிறார்கள் என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தின்னர் துணியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். போன், வெள்ளைக் கார், கடிதம், சாயம். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், உங்களுக்கு ஏன்மா இந்த வேலை, பேசாமல் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடுங்கள் என்று. திட்டாமல் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நிஜமா பயமா இருக்கு. ஆனா அத நீங்களே முடிவு பண்ணி லெட்டர் எழுதுவீங்களா? அவன் மிரட்டுனது என்னை. ரிப்போர்ட் நான்தான் போடணும். மிச்சத்தத் தேய்க்காதீங்க, படம் எடுக்கணும். வர்றேன்."

ஒரு மணி நேரத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து நின்றாள். அதே வெள்ளைக் காரில்தான். குழுவில் இருக்கிற எல்லாரும் பாலாய்க்குப் போனோம். பாக் மாட் தலை முழுக்க நரைத்த பிறகும் தன் வண்டியில்தான் எங்களை ஏற்றுவேன் என்று அடம்பிடித்தார். உள்ளே இருந்த அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, கொஞ்ச நாள் சும்மா இருந்தால் நல்லது என்று அக்கறையாகவே சொன்னார். என் மலாய் தோட்டத்து மலாய், கோபம் வந்தால் பாதியில் நின்றுவிடும். ஷாமினியின் மலாய் நிற்கவில்லை. அழைத்த நம்பர், நேரம், அவன் சொன்ன ஒவ்வொரு சொல், சாயத்தின் படம், எல்லாவற்றையும் எழுத வைத்தாள். எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாள். அப்புறம் பேனாவை எடுத்தாள். கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

கடிதத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கொடுக்கவில்லை. அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன், இடம் போதாமல் ஷாமினியின் பழைய நோட்டுக்கு மாறியிருக்கிறேன்.

வியாழக்கிழமை போகிறேன், அக்கா. குழியைக் கைகாட்டுவேன், கையெழுத்துப் போடுவேன். சாயம் ஊற்றியவனும் மரியாதையாகப் பேசியவனும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும். பயம் இருக்கிறது, இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை, வைக்கப்போவதும் இல்லை. அது என் தோளில் இருக்கும்வரை என்னைச் சும்மா இரு என்று சொல்ல எவனுக்கும் வக்கில்லை.

நாளைக் காலையில் பெரட்டில் ஒரு பேர் கூடுகிறது. தன் பேரையும் சேர்க்கச் சொல்லிவிட்டுத்தான் ஷாமினி ஆயர் குரோவுக்குத் திரும்பினாள். அவள் ஏழு மணிக்கு முன்னால் கண் விழித்து நான் பார்த்ததில்லை. ஆறரைக்குள் அவள் வாயால் பதில் வராவிட்டால் அவளுக்காக நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பாக் மாட்டை எழுப்பிக்கொண்டு நேராக ஆயர் குரோவுக்குப் போய், அந்தத் தெருவே எழுந்திருக்கும்படி அவள் கதவைத் தட்டுவேன்.

புஷ்பா